அத்தோ பர்மா என்றால் இட்லி எந்த ஊர்?

கேள்வி இதுதான். கூட வேலை பார்க்கும் ஒருவர் மதியம் சாப்பிடும்போது அடித்துப் பேசுகிறாராம்: "வடசென்னைக்குன்னு சொந்தமா ஒரு சாப்பாடும் கிடையாது. அத்தோ பர்மாக்காரன் ஐட்டம், பிரியாணி முகலாயன் ஐட்டம், மிச்சம் இருக்கறது குடலும் கருவாடும். அசல் தமிழ்ச் சாப்பாடுன்னா இட்லி சாம்பார்தான்." இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தோ தெரியாதவர்களுக்கு: அது வடசென்னைத் தள்ளுவண்டிகளில் கிடைக்கிற நூடுல்ஸ் ஐட்டம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பாரிமுனைப் பக்கம் ஒரு பருப்பு மண்டியில் 22 வருஷம் கணக்கு எழுதினேன். அதனாலோ என்னவோ, அவர் பேச்சில் எனக்கு உறுத்தியது அத்தோ இல்லை, இட்லி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் நாட்டில் விளையும் உளுந்து பல வருஷங்களில் நமக்குப் போதுவதில்லை. வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் மிகப் பெரும்பகுதி வருவது மியான்மரிலிருந்து. மண்டியில் யாரும் மியான்மர் என்று சொல்லிக் கேட்டதில்லை; "பர்மா உளுந்து" என்றுதான் சொல்வார்கள். யாங்கோனில் கன்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கும். எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு ரகம். எஸ்.க்யூ. கொஞ்சம் பருமனாக, நிறமாக இருக்கும், விலையும் கூட. காலையில் வந்ததும் முதல் வேலை, மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி உளுந்தை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் ஊதிப் பார்ப்பது. நாட்டு உளுந்தும் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுத்த வயலில் விதைக்கிற உளுந்துக்குத் தனி மரியாதை உண்டு, ஓட்டல்காரர்கள் "மாவு நல்லா காணுது" என்பார்கள். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் நண்பர் வீட்டில் எந்த உளுந்து போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓட்டலில் இட்லி சாப்பிடும் பழக்கம் இருந்தால், அத்தோவைத் தொடாமலேயே அவர் பலமுறை பர்மாவைச் சாப்பிட்டிருப்பார்.

சாம்பாருக்கு வருவோம். துவரை மொசாம்பிக்கிலிருந்து வருகிறது, தான்சானியாவிலிருந்து வருகிறது, பர்மாவிலிருந்தும் வருகிறது. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான். அந்தச் செடியை இந்தியாவில் பயிர் செய்து பார்ப்போம் என்று இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் நட்டதே 2020இல்தான். மிளகாய் தென்னமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. போர்த்துகீசியர் இந்தக் கரைக்கு வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் நம் காரம் மிளகுதான். மிளகு போலக் காரமான காய், அதனால் மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டோம். தக்காளி கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பெயர் நம்முடையது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி எல்லாம் இந்த மண்ணில் முளைப்பவை. கப்பலில் வந்த பெரிய பழத்துக்குச் சீமைத் தக்காளி என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் அது "சீமை"யைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்காரன் ஆகிவிட்டது.

நம்பிக்கை வரவில்லையென்றால், பழைய வழக்கம் விடாத பிராமண வீட்டுத் திவசச் சமையலைப் பாருங்கள். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எதுவும் கிடையாது. மிளகு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலங்காய். செத்துப்போன தாத்தாவுக்குத் தெரிந்த காய்கறி மட்டும்தான் இலையில் விழும். பழந்தமிழ்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அவருக்கு அதைத்தான் பரிமாற வேண்டும். இரண்டாம் நாளே மிளகாய்ப்பொடி எங்கே என்று கேட்பார்.

இட்லியும் லேசுப்பட்டதில்லை. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூல் ஒன்றில்தான் அந்தப் பெயரை ஒத்த சொல் முதலில் தென்படுகிறது. அந்தக் காலத்து இட்லி உளுந்தால் ஆனது, அரிசி சேர்த்ததாகவோ புளிக்க வைத்ததாகவோ செய்தி இல்லை. மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாறு எழுதிய கே.டி. அச்சயா சொன்னார். அது அவருடைய ஊகம், எல்லாரும் ஒப்புக்கொண்டது இல்லை. எனக்கும் அதில் கட்சி கட்ட ஆசை இல்லை. இட்லிக்கே பாஸ்போர்ட் விசாரணை நடக்கும்போது அத்தோவை மட்டும் வாசலில் நிறுத்துவானேன் என்றுதான் கேட்கிறேன்.

சரி, அத்தோ. இது எப்படி இங்கே வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கூலிகளாகவும் வட்டிக்கடைக்காரர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் லட்சக்கணக்கில் தமிழர்கள் பர்மா போனார்கள். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகண்ணிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பிழைப்பு போனவர்கள் கப்பல் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள், பலர் கையில் ஒன்றுமே இல்லாமல். வியாசர்பாடி மாதிரி இடங்களில் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரிலேயே நடைபாதையில் கடை போட இடம் கிடைத்து, 1969இல் பர்மா பஜார் வந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தள்ளுவண்டி போட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்து விற்றார்கள். அத்தோ, மொய்ங்கா, பேஜோ, முட்டை மசாலா.

பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலம் போங்கள். ஆரஞ்சு நிறத்தில் அவித்த நூடுல்ஸ் குவியல் இருக்கும். அதிலிருந்து ஒரு கை அள்ளி அகலக் கிண்ணத்தில் போடுவார். சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், வறுத்த கடலைமாவு, மிளகாய்த் தூள், உப்பு, கரண்டியால் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய். எலுமிச்சை பிழிவார். பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டையை நொறுக்கிப் போடுவார். அப்புறம் ஐந்து விரலும் உள்ளே போகும். இரண்டு பிசை, ஒரு புரட்டல், தட்டில் விழும். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். பர்மாவில் மீன்சாறு ஊற்றுவார்கள். இங்கே பெரும்பாலும் கிடையாது. மொய்ங்கா அங்கே மீன் குழம்பு. இங்கே வாழைத்தண்டு நிற்கிறது, மீன் விலகிக்கொண்டது. ரங்கூனிலிருந்து இன்றைக்கு ஒருவர் வந்து சாப்பிட்டால் "இது எங்களுடையது மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை" என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். பர்மாவில் இல்லை, மதுரையில் இல்லை, மயிலாப்பூரில்கூட முன்பெல்லாம் இல்லை. அப்படியானால் அது எந்த ஊர்ச் சாப்பாடு?

ரசகுல்லாவுக்காக வங்காளமும் ஒடிசாவும் சண்டை போட்டு, 2017இல் ஒருவருக்கும் 2019இல் மற்றவருக்கும் புவிசார் குறியீடு வாங்கிக்கொண்டு அமைதியானது நினைவிருக்கலாம். அத்தோவுக்காக யாரும் அப்படி மனுப் போடமாட்டார்கள். தள்ளுவண்டிக்காரருக்கு அன்றைக்கு மாமூல் தொல்லை இல்லாமல் கடை போட்டாலே போதும்.

பிரியாணி பற்றி நீளமாகப் பேச வேண்டாம். பெயர் பாரசீகம், வழி பல. ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணியில் போடுகிற சீரக சம்பாவை முகலாயர் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். அவ்வளவுதான்.

குடலுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் உண்மையில் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. பர்மா, முகலாயர் எல்லாம் மேல்பூச்சு. புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி இருக்கிறது. ஊருக்கு வேண்டிய கறியில் நிறைய அங்கேதான் வெட்டப்படுகிறது. தொடை, நெஞ்செலும்பு, சாப்ஸ் எல்லாம் வண்டியேறி ஊருக்குப் போய்விடும். குடல், போட்டி (இரைப்பை), சுவரொட்டி (மண்ணீரல்), ரத்தம், தலை, கால் இவை எல்லாம் அன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்கு, தாங்காது. பக்கத்துத் தெருக்காரர்கள் குறைந்த காசுக்கு வாங்கினார்கள். சுண்ணாம்பு போட்டு, சுடுதண்ணீரில் அலசி, மறுபடி மஞ்சள் போட்டு அலசி, கருகரு என்று இருந்த போட்டியை வெள்ளைத் துண்டு மாதிரி ஆக்குவதற்கு என் அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுதும் போகும். வேண்டாதது என்று தள்ளியதைச் சாப்பிடும்படி ஆக்கிய கைவேலைக்குத்தான் இன்றைக்கு நட்சத்திர ஓட்டலில் தனி மெனு. அங்கே சாப்பிட்டால் ரசனை, இங்கே சாப்பிட்டால் கதியற்ற தனம்.

மாட்டுக்கறியும் அப்படித்தான். வடசென்னையில் மாட்டுக்கறி பிரியாணிக் கடை தெருவுக்குத் தெரு உண்டு, மலிவு, வயிறு நிறையும். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா நடப்பதாக இருந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் இடம், மாட்டுக்கு இல்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. மழை என்று சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கும் பெயர்போன ஊரிலேயே இந்த நிலைமை. எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்கிறவர்கள் பல சமயம் யார் சாப்பாடு என்றுதான் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. மண்டியை விட்டபின் கொஞ்ச காலம் நகரின் தெற்கே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தேன். ஒருநாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுபோய் மைக்ரோவேவில் சூடு பண்ணிவிட்டேன். மறுநாள் சுவரில் தாள் ஒட்டியிருந்தது: "வாசனை வரும் உணவுகளைத் தவிர்க்கவும்." பெயர் போடவில்லை. அதே அறையில் தினமும் பெருங்காயம், நெய், வெங்காய சாம்பார் எல்லாம் மணந்துகொண்டுதான் இருந்தன. அவையெல்லாம் வாசனைக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரப் பெண், திருவொற்றியூர், மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, இனிமே எனக்குக் கொண்டு வர்றப்ப சூடு பண்ணாம கொண்டாங்க, அப்படியே சாப்ட்டுக்கலாம்."

மீன் விஷயத்தில் மேட்டிமை வேறு வேஷம் போடும். "நாங்க வஞ்சிரம்தான் வாங்குவோம்" என்பார்கள். காசிமேட்டில் விடியற்காலை நாலு மணிக்கு நின்று பாருங்கள். பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி, ஐஸில் போட்டுக் கொண்டு வருகின்றன. சின்ன ஃபைபர் படகுகள் ராத்திரி போய்க் காலையில் திரும்புகின்றன. மத்தி, காரப்பொடி, கிழங்கான், நவரை மாதிரி மலிவு மீன்தான் பெரும்பாலும் அன்றைக்குப் பிடித்த மீன். கிலோ ஆயிரம் ரூபாய்க்குமேல் கொடுத்து வாங்குகிற வஞ்சிரத் துண்டு ஒரு வாரம் ஐஸில் படுத்திருந்ததாக இருக்கலாம். அம்மா ஒருநாளும் பெயரைப் பார்த்து வாங்கியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வயிற்றில் கட்டைவிரலால் அழுத்துவாள், குழி விழாமல் எழும்ப வேண்டும். பிறகுதான் விலை பேச்சு. "இன்னா கண்ணு, மூஞ்சே தெரியாதவ மாதிரி சொல்ற" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம்.

அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தச் சமயத்தில் "காசிமேட்டு மீன்" என்று ஊரெல்லாம் விற்பதில் நிறைய கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் லாரியில் வந்ததாக இருக்கும். இறால் இன்னும் ஒரு படி மேல். கடையில் ஒரே அளவாக, வெளுத்து, பளபளவென்று இருப்பது வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரைக்காரன். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கொடுத்தார்கள், இப்போது ஆந்திரக் குளங்களிலிருந்து வண்டி வண்டியாக வருகிறது. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்கா. 1952இல் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு நம் ஏரிகளில் அதுதான் ராஜா. இதையெல்லாம் சாப்பிடுகிறவர் யாரும் எந்த நாட்டு மீன் என்று கேட்பதில்லை.

எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்க வேண்டாத இடத்தில் கேட்கிறோம். எண்ணூர் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓலையில் பின்னிய பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவிப் பிடித்ததை அதில் போடுவார்கள். அந்த இறாலுக்கு ஒரு காலத்தில் தனி ருசி, தனி விலை. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமாகக் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து அந்தக் கரை முழுதும் கறுப்பாயிற்று. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் எண்ணெய். மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்து அள்ளினார்கள். அதன்பிறகு எண்ணூர் மீன் என்றாலே வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் விலகிப் போனார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் சாம்பலை விட்டது யார் என்று மீன் கடையில் நின்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மீன்காரம்மாவிடம்தான் முகத்தைச் சுளிப்போம்.

கூழைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டையார்பேட்டையில் வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம். ஆடி வந்தால் அம்மன் கோயிலில் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள், கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொள்ள. என் சின்ன வயதில் கூழ் குடித்தேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கப்படுவோம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதைச் சுற்றி ஏசி போட்ட கடைகளில் அதே கேழ்வரகு கண்ணாடி டம்ளரில் ஏறிவிட்டது, "நம்ம பாரம்பரியம்" என்ற வாசகத்தோடு. கேழ்வரகு பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில், கம்பு சகாராவுக்குத் தெற்கே. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் இங்கே வந்தவை. சாமை, வரகு மாதிரி சிலதுதான் இந்த மண்ணிலேயே பயிரானவை. வந்தவன் எத்தனை வருஷம் இருந்தால் உள்ளூர்க்காரன் ஆகலாம் என்று உங்கள் நண்பர் ஒரு கணக்குச் சொன்னால் நன்றாயிருக்கும். அத்தோவுக்கு அறுபது வருஷம் ஆகிறது.

அரிசியிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், விட்டுப்போய்விடும். ரேஷன் அரிசி என்றால் மூக்கைப் பிடிப்பவர்கள் "நாங்க பொன்னிதான்" என்பார்கள். வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியான ரகம். அதன் பெற்றோர் தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லும் மயாங் எபோஸ் என்ற மலேயா நெல்லும். காவிரியின் பெயரைச் சூட்டியாயிற்று, நம்மூர்ப் பெண் ஆகிவிட்டது. ரேஷன் அரிசியை இட்லிக்குப் போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. பொன்னி வாங்குகிற வீடுகளிலும் பல வீடுகளில் இட்லிக்கு அதுதான், வேலைக்கார அம்மா மூலமாக வரும்.

உங்கள் நண்பரோடு சண்டை போடாதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் இறங்கி அவரை அத்தோக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஏழு மணிக்குமேல் போனால் கூட்டம் தாங்காது, ஆறு ஆறரைக்குப் போய்விடுங்கள். காரம் கம்மியாகக் கேளுங்கள், முதல் தடவை என்றால் பூண்டு எண்ணெயையும் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். முட்டை மசாலாவை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் உள்ளே வைத்த வெங்காயமெல்லாம் சட்டையில் விழும். சூப்பைத் தட்டிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம், தனியாக டம்ளரிலும் கேட்கலாம். திரும்பும் வழியில் துறைமுகச் சுவர் ஓரம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். எதில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றிரண்டில் உளுந்து இருக்கலாம்.